கரையில்லாத கால்பந்து

தாமல் ஏரிக்கரையை ஒட்டி ஓடும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வரும். அங்கே ஹுண்டாய். நடுவில் தெற்கே பிரிந்தால் வல்லம் வடகாலில் யமஹா, ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து எழுப்பிய கார் ஆலை. விடியுமுன்பே ஊர்முனையில் வந்து நின்று ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களின் வழியாகத்தான் இந்தப் பெயர்கள் நம் கிராமங்களுக்குப் பழக்கம். இவற்றில் ஹுண்டாய், யமஹா, நிஸான் ஆகிய மூன்றின் பெயரும் அவற்றின் சொந்த நாட்டில் கால்பந்தோடு ஒட்டியவை என்பது அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தென்கொரிய லீக்கை மிக அதிக முறை வென்ற ஜியோன்புக் அணி, ஹுண்டாய் மோட்டாருடையது. ஜப்பானின் ஜுபிலோ இவாட்டா, யமஹா மோட்டாரின் கம்பெனி அணியாகத் தொடங்கியது. யோகோஹாமா மரினோஸ் 1972-ல் நிஸான் அணியாகப் பிறந்தது.

கிளப் நடத்தத் தெரிந்த மூன்று பேர் நம் வாசலில் ஆலை எழுப்பியும், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தேசிய லீக்கில் ஆடும் கிளப் ஒன்றுகூட இல்லை. 'இவர்களே கொஞ்சம் பணம் போடக் கூடாதா?' என்று கேட்கத் தோன்றும். எனக்கு அந்த ஆசை இல்லை. பணம் போட்டவர்கள் ஒரு நாள் எடுத்துக்கொண்டு கிளம்பிய கதைகளால் நிறைந்தது இந்தியக் கால்பந்து. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. தேசிய லீக்கின் முதல் சாம்பியனான பக்வாராவின் ஜேசிடி 2011-ல் மூடப்பட்டது. 2016-ல் கோவாவின் சல்கோகரும் ஸ்போர்ட்டிங்கும் டெம்போவும், நாட்டின் அப்போதைய முதல்நிலை லீக்கான ஐ-லீக்கே வேண்டாமென்று விலகின. எல்லாமே வசதியான வீட்டுப் பிள்ளைகள். நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒரு பிற்பகலில் கூடி எடுக்கும் முடிவில் ஓர் அணியின் ஆயுசு அடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இதைப் பற்றிச் சொல்ல சொந்தக் கதையே உண்டு. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் கோப்பையை எடுத்தது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். கடைசி நாள்வரை துரத்தி வந்த ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு நின்றது. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப் அதுதான். பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். முன்வரிசையில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்ஸி. அவருக்குப் பந்தை ஊட்டிவிட இன்னும் சில ஸ்பெயின்காரர்கள். சுற்றிலும் தமிழ்நாட்டுப் பையன்கள்: நெய்வேலியிலிருந்து வந்த எட்வின் சிட்னி வன்ஸ்பால், விங்கில் ஓடிய அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ். கொல்கத்தாவின் நூறாண்டுப் பெருமையை ஒரு புள்ளியில் முந்திய அணி அது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அந்த கிளப்பின் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய கிளப் ஒன்று கோவையில் ஆடும் அணியில் பங்குதாரர். இளையோர் பயிற்சிப் பள்ளி, ஆட்டக்காரர் பரிமாற்றம் என்று பேச்சு இருந்தது. இதைவிட நல்ல தொடக்கம் வாய்க்காது என்று எழுதியவர்களில் பலருக்கு நியாயமான காரணம் இருந்தது.

மூன்றாவது ஆண்டில் கிளப் இல்லை. 2021-22 ஐ-லீக்குக்கான உரிம நிபந்தனைகளை அதனால் நிறைவேற்ற முடியவில்லை. பட்டியலிலிருந்து பெயர் போனது.

எங்கே சறுக்கியது? எல்லாவற்றையும் உரிமையாளர் தலையில் கட்டிவிடுவது சுலபம். ரோஹித் ரமேஷ் தன் கைப்பணத்தையும் ஆசையையும் போட்டு நடத்தினார். 2016-17 சீசனில் நேரடி நுழைவு பெற்று வந்த அணி, மூன்றாவது சீசனிலேயே சாம்பியன். இந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வென்ற கோப்பைக்கு என்ன விலை கிடைத்தது என்று பாருங்கள். அந்த சீசன் முடிந்த கையோடு நாட்டின் முதல்நிலை லீக் என்ற தகுதி இந்தியன் சூப்பர் லீக்குக்கு (ஐஎஸ்எல்) போனது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2019 அக்டோபரில் அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தது. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறும் கதவு 2022-23 சீசனில்தான் திறக்கும் என்று அதில் எழுதியிருந்தது. ஆக, சென்னை சிட்டி வென்ற நாளில் ஏறுவதற்கு ஏணி இல்லை. கோகுலம் கேரளா அடுத்தடுத்து இரண்டு முறை, 2020-21-லும் 2021-22-லும், ஐ-லீக்கை வென்றும் கீழேயே நின்றது. கோகுலத்துக்குப் பின்னால் சீட்டு நிறுவனம் ஒன்று இருந்ததால் தாங்கியது. சென்னை சிட்டிக்கு அப்படி யாரும் இல்லை.

சாம்பியன் பட்டம் கொடுத்த நேரடிப் பலன்களில் பெரியது ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று. 2020 ஜனவரியில் அகமதாபாத்தில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 1-0 என்று தோற்றதோடு அந்தச் சுற்றும் முடிந்தது. தமிழ்நாட்டு கிளப் தன் சொந்த ஆட்டத்தை குஜராத்தில் போய் ஆடியது என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னையில் தொடங்கி, கோவைக்குப் பெயர்ந்து, ஆசியப் போட்டிக்கு அகமதாபாத்துக்கு ஓடிய அணிக்கு 'உள்ளூர்' என்பது எது? சென்னை என்ற பெயர் வைத்துக்கொண்டு கோவையில் ஆடினால் சென்னைக்காரனும் வரமாட்டான், கோவைக்காரனும் முழு மனதோடு தன் அணி என்று சொல்லமாட்டான். அரசு மைதானத்தை சீசனுக்கு சீசன் வாடகைக்கு எடுக்கும் கிளப், அந்த மைதானத்தில் ஒரு கழிப்பறைகூடக் கட்டாது. கட்டுவதில் அர்த்தமும் இல்லை.

அதே ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. சீசன் நடுவே பெட்ரோ மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குப் போனார். நம் பத்திரிகைகளில் அது ஆட்டக்காரர் இடம் மாறிய செய்தியாக ஒரு நாள் வந்து போனது. என்னைக் கேட்டால் மான்ஸி ஏறிய விமானத்தைப் பின்தொடர்ந்து போயிருக்க வேண்டும். ஏனென்றால் நடுத்தர கிளப் எப்படி உயிரோடு இருப்பது என்பதற்கு நீகாட்டா ஒரு பாடசாலை.

நீகாட்டா நெல் விளையும் பிரதேசம். டோக்கியோவிலிருந்து தள்ளி, பனி கொட்டும் கடலோரம். கார் கம்பெனி எதுவும் அந்த அணிக்குத் தாயாக இல்லை. சட்டையின் முன்பக்கம் இருக்கும் பெயர் அரிசி முறுக்கு, அரிசி பிஸ்கட் செய்யும் கமேடா செய்கா என்ற உள்ளூர் நிறுவனத்துடையது. 2002 உலகக் கோப்பைக்காகக் கட்டிய பெரிய அரங்கம் அங்கே இருந்தது. போட்டி முடிந்ததும் அதை எப்படி நிரப்புவது? தெருச் சங்கங்கள் வழியாக வீடு வீடாக இலவசச் சீட்டு கொடுத்தார்கள். இலவசமாக வந்தவர்கள் பழகிப்போய்க் காசு கொடுத்து வரத் தொடங்கினார்கள். 2005-ல் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 40 ஆயிரம் பேர். 2017-ல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது, 2022-ல் அதை வென்று மேலே ஏறியது, 2025-ல் மறுபடி இறங்கியது. இறங்கினாலும் கிளப் அழியவில்லை. நடுத்தர கிளப்புக்கு வெற்றி என்பதே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: தோற்ற மறுவருஷமும் அதே மைதானத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் ஆட முடிவது.

ஜப்பானும் சும்மா இதைக் கற்றுக்கொள்ளவில்லை. யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் என்று ஓர் அணி. அதைத் தாங்கிய நிறுவனங்களில் ஒன்றான கட்டுமான நிறுவனம் கைவிரித்தது. அதே ஊரின் மரினோஸோடு இணைத்துவிடுவது என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஃப்ளூகெல்ஸ் தன் கடைசி ஆட்டத்தில், 1999 ஜனவரி 1 அன்று, பேரரசர் கோப்பையை வென்றுவிட்டுத்தான் கலைந்தது. ரசிகர்கள் ஒப்புக்கொள்ளாமல் தாங்களே பணம் சேர்த்து யோகோஹாமா எஃப்சி என்ற புது கிளப்பைத் தொடங்கினார்கள். ஜப்பான் லீக் இன்று ஒவ்வொரு கிளப்பின் வரவு செலவையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சம்பளத்துக்கு எவ்வளவு, சீட்டு விற்பனையில் எவ்வளவு, இளையோர் அணிக்கு எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2013 முதல் அமலுக்கு வந்த உரிம விதியில், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டம் என்றாலோ, சொத்தைவிடக் கடன் மிஞ்சினாலோ லீக்கில் இடம் இல்லை என்று எழுதினார்கள்.

நம் ஊரில் உரிமம் என்ற சொல் இருக்கிறது. தேறியவர் யார், தேறாதவர் யார் என்ற பட்டியலும் வருகிறது. தேறாதவர்கள் விலக்குக் கேட்டு வாங்கி ஆடுவதும் வழக்கமாகிவிட்டது. கணக்கு மட்டும் வெளியே வராது. நிறுவனங்கள் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் கட்டினால் பிரைவேட் லிமிடெட் கிளப்பின் ஆண்டறிக்கையை எடுக்கலாம்தான். மைதானத்துக்கு வரும் ரசிகனை அதைத் தேடி எடுத்துப் படிக்கச் சொல்வது கேலி.

நடுத்தர கிளப்பின் கணக்கு உண்மையில் சிக்கலானதல்ல. வரவு நான்கு வழி: சீட்டு, விளம்பரதாரர், ஒளிபரப்புப் பங்கு, ஆட்டக்காரரை விற்றுக் கிடைப்பது. ஐ-லீக் அளவில் ஒளிபரப்புப் பங்கு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. சீட்டு விலை சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. மிச்சம் விளம்பரதாரரும் ஆட்டக்காரர் விற்பனையும். செலவில் பெரும் பங்கு சம்பளம். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அணிக்குச் செலவழிக்கக் கூடாது என்று யூஃபா கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இங்கே பல கிளப்புகளில் வருமானத்தைவிட சம்பளமே அதிகம். பள்ளத்தை உரிமையாளர் தன் வேறு தொழிலிலிருந்து எடுத்து நிரப்புகிறார். அந்தத் தொழில் ஒரு வருஷம் படுத்தால் கிளப்பும் படுக்கும்.

தாமல் ஏரி மாதிரியான ஏரிகளை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைக் கரை கட்டி நிறுத்தி, மதகு வழியாக அளந்து விட்டுத்தான் தை அறுவடை வரை ஓட்ட வேண்டும். கலங்கல் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும், வரத்துக்கால்வாயை எப்போது தூர்வார வேண்டும் என்பதெல்லாம் வறண்ட மாதத்தில் முடிவாக வேண்டியவை. கால்பந்தில் மழை என்பது ஒரு கோப்பை, ஒரு வெளிநாட்டுப் பங்குதாரர், ஒரு நல்ல விற்பனை. சென்னை சிட்டிக்கு 2019-ல் நல்ல மழை. கரை இல்லை. பாசலில் அப்போதைய உரிமையாளர் பெர்ன்ஹார்ட் புர்கெனருக்கு எதிராக அந்த கிளப்பின் ரசிகர்களே கிளம்பினார்கள், இந்திய முதலீடும் அவர்கள் குறைகளில் ஒன்று. 2021-ல் அவர் கிளப்பைக் கைமாற்றிவிட்டுப் போனார். சென்னை சிட்டியோடு செய்த கூட்டு நிலைக்கவில்லை. பெரிய இடத்திலும் இதே கதைதான். மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் குழுமம் மும்பை சிட்டியில் 2019-ல் எடுத்த 65 சதவீதப் பங்கை 2025 டிசம்பரில் விட்டுக் கிளம்பியது.

அந்தக் குழுமம் ஏன் போனது என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 2010-ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 15 ஆண்டுக்கு எழுதிக்கொடுத்த வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிந்தது. முடியப்போகிறது என்பது 15 ஆண்டாகத் தெரியும். ஆனாலும் 2025 ஜூலையில்தான், ஐஎஸ்எல்லின் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அந்த உரிமையை வைத்து லீக்கை நடத்திவந்த நிறுவனம் கிளப்புகளுக்குச் சொன்னது. ஆகஸ்டில், இரண்டு முறை ஐஎஸ்எல் சாம்பியனான சென்னையின் எஃப்சியே தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டது, டெண்டர் விட்டார்கள், ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும் என்று ஜனவரியில் விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்தார். ஐந்தாண்டுத் திட்டம் போடு என்று ஒரு கிளப்புக்கு அறிவுரை சொல்கிறவர்கள், ஐந்து மாதம் கழித்து லீக் இருக்குமா என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தார்கள். கிளப் நிர்வாகிகளை மட்டும் குறை சொல்லும் கட்டுரைகள் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான்.

இருந்தாலும் கிளப்பின் கையில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. உத்திரமேரூர் கல்வெட்டு என்றால் எல்லோருக்கும் குடவோலைத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்த விதிகளில் நான் அதிகம் மதிப்பது வேறொரு வரி. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று எந்த வாரியத்தில் இருந்தவரானாலும், கணக்குக் காட்டாமல் போயிருந்தால் அவர் பெயரோ அவருடைய நெருங்கிய உறவினர் பெயரோ மறுபடி குடத்துக்குள் போகக் கூடாது. பதவிக்காலம் ஒரே ஆண்டு. அந்தச் சபை எல்லோருக்கும் திறந்ததல்ல, நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கானது. அதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. ஆனால் ஊர்ப் பொதுவில் இருக்கும் ஏரியை நடத்துகிறவர் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும், காட்டாதவருக்கு அடுத்த முறை இல்லை என்ற கறார்த்தனம் இன்றைய எந்த இந்தியக் கால்பந்து கிளப்பின் விதிப்புத்தகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்துக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. 1885-ல் பிறந்து இரண்டு முறை எஃப்ஏ கோப்பையை வென்ற பரி கிளப், சென்னை சிட்டி கோப்பை எடுத்த அதே 2019-ன் ஆகஸ்டில் கடனில் மூழ்கி லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியவரிடம் கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறதா என்று உரிய நேரத்தில் யாரும் உறுதி செய்துகொள்ளவில்லை. 2025-ல் அங்கே கால்பந்துக்கென்று தனிச் சட்டமும் சுதந்திர ஒழுங்குமுறை ஆணையமும் வந்துவிட்டன.

நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலைகளும் உண்டு, வேண்டாதவையும் உண்டு. வேண்டாதவற்றில் முதலாவது, பையன்களைப் பதிவு செய்வது. ஆட்டக்காரர் பணத்துக்கு நாடு விட்டு நாடு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரிய வேண்டும் என்பது ஃபிஃபா விதி. பதிவேட்டில் பெயர் இருந்தால் பணம். கன்னியாகுமரிக் கடலோர ஊர்களில் மணலில் ஆடிப் பழகிய பிள்ளைகள் எத்தனையோ பேர் தேசிய லீக்குகளுக்குப் போயிருக்கிறார்கள். மைக்கேல் சூசைராஜ் அப்படி வந்து சென்னை சிட்டியில் ஆடி, 2018-ல் ஜாம்ஷெட்பூருக்கும் அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் போனார். இந்தப் பிள்ளைகளை வளர்த்த ஊர் மன்றங்களுக்கு ஒரு சுழற்கோப்பையும் ஒரு ஃபிளெக்ஸும்தான் மிஞ்சுகின்றன. மன்றத்தைச் சங்கப் பதிவு செய்து, மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் இணைத்து, 12 வயதுப் பையனின் பெயரை முறையாக ஏற்ற ஆகும் செலவு ஒரு செவன்ஸ் டோர்னமென்ட்டின் பந்தல் செலவைவிடக் குறைவு.

பெண்கள் பக்கம் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வருகிறது. சென்னை சிட்டி சாம்பியனான அதே 2019-ன் மே மாதம் மதுரைப் பக்கத்து சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஒரே ஆண்டில் இரண்டு தேசியக் கோப்பைகள் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஒரு கிளப் போய்விட்டது, சேது இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. பணம் குறைவாக இருக்கும் இடத்தில் சம்பளமும் அளவோடு இருக்கிறது. அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் போன்றவர்களுக்குக் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் உண்டு. ஆட்டக்காரரின் வாழ்க்கையை கிளப் மட்டுமே சுமக்க வேண்டியதில்லை. தேசிய லீக்கில் ஆடிய சென்னையின் இந்தியன் வங்கி அணியும் ஒரு காலத்தில் இதே பலத்தில்தான் நின்றது. அந்த முறையைப் பழங்காலம் என்று ஒதுக்கியது அவசரம்.

மறுபடி ஒரகடத்துக்கு வருகிறேன். அந்த ஆலைகளிடம் அணியை வாங்கச் சொல்லக் கூடாது என்றேன். ஆனால் 2013-ன் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கச் சொல்கிறது. கிராம விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்குமான பயிற்சி அதன் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. இந்தப் பணத்தில் ஸ்பெயின்காரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, சட்டையில் பெயர் போட்டு விளம்பரம் செய்துகொள்ளவும் முடியாது. அதுதான் இதன் அழகு. பிள்ளைகளின் பயிற்சிக்கென்று தனி அறக்கட்டளை, அதற்கு நிறுவனங்கள் விவகார அமைச்சகத்தின் பதிவு எண், தனி வங்கிக் கணக்கு. முதல் அணி தோற்றாலும் இறங்கினாலும் அந்தக் கணக்கில் கைவைக்க முடியாது.

மிச்சம் இருப்பது மைதானம். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா ரூ.3 கோடி என்று தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் வகுத்தது. கட்டிய அரங்கத்தை ரிப்பன் வெட்டிப் பூட்டி வைப்பதற்குப் பதிலாக, பத்தாண்டுக் குத்தகைக்கு உள்ளூர் கிளப் ஒன்றிடம் விடலாம். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம், புல்லும் குழாயும் கிளப்பின் பொறுப்பு. ஒவ்வோர் ஏப்ரலிலும் தணிக்கை செய்த வரவு செலவைத் தமிழில் அச்சிட்டு வாயில் சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டு ஏப்ரல் ஒட்டாவிட்டால் குத்தகை ரத்து, அந்த நிர்வாகிகளுக்கு மாவட்டத்தில் வேறு எந்த அரங்கமும் கிடையாது. இதற்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஓர் ஆணை போதும், நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.